ஆறு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

இந்த முறையும் பள்ளித் தோழிகள் எல்லோரும் கடற்கரை ஓட்டலில்தான் கூடுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். குழுவில் நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். நீலமாக ஒரு நீச்சல் குளம், கீற்றுக்கூரை போட்ட சாப்பாட்டுக்கூடம், தட்டில் விசிறி மாதிரி விரித்து வைத்த இறால். "செங்கல்பட்டுல இருந்துகினு மாமல்லபுரம் சாப்பாடு வேணாம்ன்ற ஒரே ஆளு நீதான்டி" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். மூன்று வருடமாக முழங்கால் வலி, பேத்திக்குக் காய்ச்சல் என்று ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். என் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. நாமெல்லாம் அறுபதைத் தொட்டாயிற்று. இனியும் பொய் எதற்கு? நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா செங்கல்பட்டில் ஸ்டேஷன் பக்கம் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டருக்குக் கார் ஓட்டினார். அதற்கு முன்னால் லாரி. மதுராந்தகம் பக்கம் பிறர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் அவர். லாரியில் போனால் பதினைந்து நாள் முகம் பார்க்க முடியாது. டாக்டரிடம் சேர்ந்த பிறகு தினமும் வீட்டுக்கு வந்தார், தினமும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அதனால் அந்த வேலைக்கு எங்கள் வீட்டில் மாதா படத்துக்கு அடுத்த மரியாதை. சத்தமாகப் பேசினால்கூட அது போய்விடுமோ என்று அம்மா பயப்படுவாள்.

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. ஒருநாள் காலை, அப்பா மறந்துவிட்டுப் போன கார் சாவியைக் கொடுக்க டாக்டர் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் ஒரு டம்ளர் டீயும் ஒரு பன்னும் கொடுத்தார்கள். பன்னை டீயில் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தபோது டாக்டரின் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் வயதுதான். ஆனால் என் தோளுக்குத்தான் இருந்தாள். கழுத்து எலும்பு இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. "எனக்கு ஒரு வாய் குடேன்" என்றாள். டீயில் கரைந்து கூழாகிப்போன பன்னைக் கொடுத்தேன். சாப்பிட்டாள். இன்னொரு வாய் கேட்டாள்.

டாக்டரின் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா என்று கூப்பிடுவோம். அவர் உள்ளே பார்த்துக் கத்தினார். "ஏங்க, இங்க வாங்களேன்! டிரைவர் பொண்ணு கூட உக்காந்தா இவ சாப்பிடறா!"

ஊறின பன் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

அந்தப் பெண் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்பதுதான் அந்த வீட்டின் பெரிய கவலை. மடியில் வைத்து ஊட்டினார்கள், அடித்தார்கள், பொம்மை வாங்கிக் கொடுத்தார்கள், கோயிலில் முடி இறக்கினார்கள். டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, பிடிவாதம்" என்று சொல்லியிருந்தார். கடல் காற்று பட்டால் பசி எடுக்கும் என்று யாரோ சொல்ல, அந்தக் கோடையில் ஞாயிறுதோறும் அவளை மாமல்லபுரத்துக்கு அழைத்துப்போய் மதியச் சாப்பாடு கொடுப்பது என்று டாக்டர் தீர்மானித்தார். கடலோரத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஓட்டல் ஒன்றின் மேனேஜர் அவருக்கு நண்பர். பன் சாப்பிட்ட அன்றே நானும் கூட வருவதென்று முடிவாயிற்று. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குதித்துக்கொண்டு சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அம்மாவுக்கு இரட்டை மனது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை போய்விடுமே என்று ஒரு பக்கம். மகள் டாக்டர் குடும்பத்தோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிடப்போகிறாள் என்று மறுபக்கம். சர்ச்சில் முதல்முறை நன்மை வாங்கிய புதுநன்மைக்குத் தைத்த வெள்ளைக் கவுனை எடுத்து இஸ்திரி போட்டாள். தலை வாரும்போது, "துன்னேன்னு சொல்லாத. சாப்பிட்டேன்னு சொல்லு. இன்னான்னு கேக்காத, என்னன்னு கேளு. குடுக்கறத வாணாம்னு சொல்லாத" என்று ஒவ்வொரு பின்னலுக்கும் ஒன்றாகச் சொல்லிக்கொடுத்தாள்.

முதல் ஞாயிறு எனக்கு இன்றும் துல்லியம். திருக்கழுக்குன்றம் மலையைச் சுற்றிக்கொண்டு போன சாலை, கால்வாய்ப் பாலத்தில் ஏறும்போது வயிற்றுக்குள் ஒரு குலுக்கல், ஊருக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் கல் கொத்தும் சத்தம். அப்புறம் சவுக்குத்தோப்பு. தோப்புக்குள் ஓட்டலின் வெள்ளை கேட். காவலாளி காரை உள்ளே விட்டு, நாங்கள் இறங்கியதும் காரை வெளியே கொண்டுபோகச் சொன்னார். டிரைவர்கள் உள்ளே இருக்கக்கூடாதாம். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் டிபன் டப்பா குலுங்கக் காரைப் பின்னால் எடுத்தார்.

சாப்பாட்டுக்கூடத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசைகள். துணியில் கஞ்சி வாசனை. உப்புக் குடுவைக்குள் அரிசி மணிகள் கிடந்தன. கடல் ஈரத்தில் உப்பு கட்டிக்கொள்ளாமல் இருக்க அப்படிப் போடுவார்கள் என்று பிறகுதான் தெரியும். அன்று, பணக்காரர்கள் உப்பை அரிசியோடு சாப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தக்காளி சூப், வறுத்த மீன், விரல் விரலாக வெட்டிய உருளைக்கிழங்கு, முட்டை போட்டு வறுத்த சோறு, கடைசியில் ஸ்டீல் கிண்ணத்தில் ஐஸ்கிரீம். தட்டு நிறைய வந்ததையெல்லாம் சாப்பிட்டேன். பிடித்திருந்தது. அதை மறைக்கமாட்டேன். அப்பா கேட்டுக்கு வெளியே வெயிலில் புளிச்சோறு தின்றுகொண்டிருக்கிறார் என்ற நினைவு ஐஸ்கிரீம் கரைந்த பிறகுதான் வந்தது.

டாக்டர் மகள் சூப்பை முழுக்கக் குடித்தாள். ஐஸ்கிரீமையும் முடித்தாள். நடுவில் வந்த எதையும் தொடவில்லை. "ஐஸ்கிரீம் இறங்குது, சோறு இறங்கலையாம்! நடிப்பைப் பாருங்க" என்றார் டாக்டரம்மா.

இரண்டாம் ஞாயிறு, டாக்டர் மேனேஜரோடு பேச எழுந்துபோனார். டாக்டரம்மா கடலில் கால் நனைக்கும் வெள்ளைக்காரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தட்டு காலியாக இருந்தது. மேசைத்துணியில் ஒரு சரசரப்பு. குனிந்து பார்ப்பதற்குள் என் முன்னால் நிறைந்த தட்டு ஒன்று இருந்தது. என் காலித் தட்டு அவள் முன்னால் இருந்தது.

"துன்னுடு" என்றாள் மெதுவாக. என் பேச்சை என்னிடமே பேசினாள். "சீக்கிரம்."

திருப்பி வைக்கப்போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"எனக்கு உள்ள போகாது. இங்க நின்னுடும்" என்று நெஞ்சின் நடுவில் தொட்டுக் காட்டினாள். "அப்பா கிட்ட சொன்னேன். நம்பல. மறுபடி சொன்னா மூக்குல குழாய் விடுவாரு. கிளினிக்ல ஒரு பாட்டிக்கு விட்டதப் பாத்தேன். நீ சொல்லிட்டேன்னு வெச்சுக்க, உங்க அப்பாவ வேலைய விட்டு நிறுத்தச் சொல்வேன்."

பத்து வயதுப் பெண் மிரட்டினாள், பத்து வயதுப் பெண் நம்பினேன். இரண்டாவது தட்டையும் சாப்பிட்டேன். டாக்டர் திரும்பி வந்து மகளின் காலித் தட்டைப் பார்த்தார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு இன்னொரு ஐஸ்கிரீம் சொன்னார்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு எப்படி உண்மையைச் சொல்வது?

மூன்றாம் வாரத்திலிருந்து எனக்கு ஞாயிறு வரவே வேண்டாம் என்று இருந்தது. இரண்டு சூப் இல்லை, ஒரு சூப். ஆனால் இரண்டு மீன், இரண்டு சோறு, இரண்டு பங்கு கிழங்கு. மென்று விழுங்கி, மென்று விழுங்கி, காதுக்குப் பின்னால் வியர்வை ஓடும். புதுநன்மைக் கவுன் இடுப்பில் இறுகி, திரும்பும் வழியில் கொக்கி தெறித்தது. அம்மா ஊக்கு குத்தி அனுப்பினாள். வீட்டுக்கு வந்தால் ராத்திரி சாப்பாடு இறங்காது. அம்மா ஆசையாகக் கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பாள். தட்டைப் பார்த்ததும் எனக்குக் குமட்டும்.

"ஓட்டல் சோறு துன்ன வாய்க்கு நம்ம வூட்டு சோறு கசக்குதா?" என்று ஒருநாள் முதுகில் ஒன்று வைத்தாள். அடித்துவிட்டு அவளே அழுதாள். ஏழைச் சாப்பாட்டை மகள் அருவருக்கிறாள் என்று அவள் நினைத்துவிட்டாள். சாகும்வரை அந்த நினைப்பு அவளுக்குப் போகவில்லை என்றுதான் தோன்றுகிறது.

திங்கட்கிழமை தோறும் கிளினிக்கில் எங்கள் இருவரையும் எடை பார்ப்பார்கள். முள் எனக்கு ஏறும், அவளுக்கு இறங்கும். டாக்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "சாப்பிடறதெல்லாம் எங்கதான் போகுது?" என்பார். பூச்சி மருந்து கொடுத்தார். அவளுக்குக் கொடுத்த கையோடு எனக்கும் கொடுத்தார். டானிக் மாற்றினார். வருகிற நோயாளிகளின் கண்ணைப் பார்த்தே வியாதி சொல்கிறவர் என்று ஊரில் பெயர் வாங்கியவர். வீட்டுக்குள் அவர் டாக்டராக இல்லை, அப்பாவாக மட்டும் இருந்தார். இதை இப்போது புரிந்துகொள்ள முடிகிறது. அப்போது, எல்லாம் தெரிந்த இவருக்கே தெரியவில்லை என்றால் நான் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்தது.

ஒருவரிடம் மட்டும் சொல்லிப் பார்த்தேன். ஐந்தாம் ஞாயிற்றுக்கு முந்தின நாள். அப்பா கார் கழுவிக்கொண்டிருந்தார். வாளி பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நைனா, அந்தப் பொண்ணு துன்றதே இல்ல. அது சோத்தையும் நான்தான் துன்றேன்."

அப்பாவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"அது பெரிய எடத்து விசயம்மா. நமக்கு இன்னாத்துக்கு? அதுக்கு புடிக்கலன்னா உங்கிட்ட தள்ளுது. பசங்கன்னா அப்பிடித்தான்."

"அதுக்கு உள்ள எறங்கலயாம், நைனா."

"டாக்டரு வூட்டுப் பொண்ணுக்கு எறங்குதா இல்லியான்னு டாக்டருக்குத் தெரியாதா? குடுக்கறத துன்னுட்டு வாய மூடிகினு வா. அடுத்த மாசம் உனக்கு இங்கிலீசு பள்ளிக்கூடத்துல சீட்டு வாங்கித் தரேன்னு சொல்லிக்கீறாரு. கெடுத்துக்காத."

அத்தோடு எல்லாக் கதவும் சாத்தியாகிவிட்டது.

ஆறாம் ஞாயிறு டாக்டர் மேனேஜரிடம் பேசப் போகவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எடை முள் அவரை உறுத்தியிருக்க வேண்டும். மகள் சாப்பாட்டை எங்கேயோ கொட்டுகிறாள் என்று சந்தேகப்பட்டார்.

"இன்னிக்கு சூப் கிடையாது, ஐஸ்கிரீமும் கிடையாது" என்றார் சர்வரிடம். எங்களைப் பார்த்து, "தட்டு காலியாகற வரைக்கும் ரெண்டு பேரும் எழுந்திருக்கக்கூடாது. சாயங்காலம் ஆனாலும் சரி."

மட்டன் கட்லெட்டும் சோறும் வந்தன. நான் என்னுடையதைச் சாப்பிட்டேன். அவள் ஸ்பூனால் சோற்றை நகர்த்திக்கொண்டே இருந்தாள். பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். சர்வர்கள் மற்ற மேசைத்துணிகளை உதறி மடித்தார்கள். மின்விசிறிச் சத்தமும் அலைச் சத்தமும்தான். நானும் மிச்சம் வைத்திருந்தேன், ஒரு பிடி சோறு. நான் முடித்துவிட்டால் அவள் தனியாகிவிடுவாளே என்று.

கடைசியில் டாக்டரம்மா பொறுமை இழந்தார். கட்லெட்டை ஒரு துண்டு வெட்டி மகள் வாயில் வைத்து, கன்னத்தைப் பிடித்தார். "முழுங்கு. முழுங்குடி."

விழுங்கினாள். இன்னொரு துண்டு. அதையும்.

பிறகு அவள் அசையவில்லை. இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டாள். வாயோரத்தில் எச்சில் வழிந்தது. துடைத்தாள், மறுபடி வழிந்தது. கண் இரண்டும் என்னைத்தான் பார்த்தன.

"நடிக்காத" என்றார் டாக்டரம்மா.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இவ்வளவு வருடத்தில் அந்த நேரத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒரு நிமிடமாக இருக்கலாம். கால் மணி நேரமாகவும் இருக்கலாம். கவுன் ஊக்கு இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. அப்பா கேட்டுக்கு வெளியே இருக்கிறார் என்று நினைத்தேன். அவருடைய வேலை என் வாய்க்குள் இருக்கிறது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது.

"நடிக்கல!" என்று கத்தினேன். "அதுக்கு எறங்காது! எப்பவுமே எறங்காது! இத்தினி நாளும் நான்தான் துன்னேன். ரெண்டு தட்டும் நான்தான் துன்னேன்!"

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். தண்ணீர் டம்ளரை எடுத்து அவள் வாயில் வைத்தார். குடித்த தண்ணீர் அப்படியே திரும்பி மூக்காலும் வாயாலும் வந்தது. அந்த நொடியில்தான் அவர் டாக்டர் ஆனார். நாற்காலி பின்னால் விழ எழுந்து, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்டரம்மா செருப்பை விட்டுவிட்டுப் பின்னால் ஓடினார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. சென்னைப் பக்கம் திரும்பும் ஹாரன் கேட்டது.

என்னை மறந்துவிட்டார்கள்.

மேசையில் தட்டுகளும் நானும். சர்வர்களில் வயதான ஒருவர் வந்து நின்றார். இத்தனை வாரமாகத் தட்டு மாறுவதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

"எந்திரி பாப்பா."

"டாக்டரு எந்திரிக்கக் கூடாதுன்னாரு."

"அவுரு பூட்டாரும்மா."

"தட்டு காலியாவல."

அவர் என் தட்டிலிருந்த ஒரு பிடி சோற்றைத் தன் கையால் வழித்து எடுத்துக்கொண்டார். காலித் தட்டை எனக்குக் காட்டினார். "இப்ப எந்திரி" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. என்னைக் கூட்டிப்போய் கேட் அருகே காவலாளி ஸ்டூலில் உட்காரவைத்தார்.

அப்பா வந்தபோது இருட்டிவிட்டிருந்தது. பஸ்ஸில் வந்து, தோப்பு வழியாக நடந்தே வந்தார். கையில் சாவி இல்லை. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கட்லெட் துண்டை எடுத்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டாள் என்றார். உணவு இறங்கும் குழாய் ஒரு இடத்தில் நூலிழையாய்ச் சுருங்கிக் கிடந்ததாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து, "உன் பொண்ணு தின்னு தின்னே என் பொண்ணைக் கொல்லப் பாத்தா" என்று சொன்னதை அன்று அவர் எனக்குச் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து அம்மா சொன்னாள். டாக்டர் குனிந்த தலை நிமிராமல் நின்றாராம். அப்பா சாவியை பெஞ்சில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தோம். அப்பாவின் டிபன் டப்பா காரோடு போய்விட்டது. காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை. ஒரு கடையில் பரோட்டா வாங்கினார். எனக்கும் ஒன்று வைக்கச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "வாணாம், அவளுக்கு வாணாம்" என்று கடைக்காரரைத் தடுத்தார். பாதி தின்றவர் திடீரென்று கேட்டார்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன் நைனா."

அவர் கையிலிருந்த பரோட்டாவை இலையிலேயே வைத்தார். மென்றுகொண்டிருந்ததை மட்டும் மெதுவாக விழுங்கினார்.

அதன் பிறகு அப்பா ஒரு தனியார் பஸ்ஸுக்கு டிரைவராகப் போனார். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் இல்லையென்று ஆயிற்று. அதனால்தான் உங்களோடு படிக்க வந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

மழைக்காலம் தொடங்கி ஒரு சனிக்கிழமை மத்தியானம். எங்கள் தெருவில் சேறு. குடையில்லாமல், பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு டாக்டர் நடந்து வந்தார். அவரை எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா உள்ளே வரச் சொல்லவில்லை. அவரும் வாசலிலேயே நின்றார்.

"ரெண்டு மூணு தடவை குழாய் விட்டுப் பெரிசு பண்ணியிருக்காங்க. இப்ப இட்லி சாப்பிடறா" என்றார். "உங்க பொண்ணப் பாக்கணும்னு தினமும் கேக்கறா. ஒரு நாள் அனுப்புவீங்களா?"

அம்மாவை அவர் 'நீங்க' என்று பேசியது அதுதான் முதல் தடவை.

"எம் பொண்ணு வராது சார்" என்றாள் அம்மா. "துன்னதுக்குப் பட்ட பேரு போதும்."

டாக்டர் தலையாட்டினார். திரும்பப்போனவர், கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்துவிட்டார். "நீ சொல்லும்மா. உனக்கு வர இஷ்டமா?"

அந்த வருடம் முழுக்க என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று தெரிந்தாக வேண்டும்.

"வந்தா சாப்பிடணுமா டாக்டர்?"

அவர் எங்கள் ஈர வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மழைத்தண்ணீர் அவர் வெள்ளைப் பேண்ட்டில் ஏறியது. கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்மா" என்றார் கடைசியில். "ஒண்ணும் சாப்பிட வேணாம். சும்மா வெளையாடிட்டு வந்துடு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கொடியிலிருந்து என் பாவாடையை உருவி என் மேல் எறிந்தாள்.

"கவுன் வாணாம். இத்தக் கட்டிகினு போ" என்றாள்.